நைஜீரியா: நைரா, பெட்ரோல், விசா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரியாவில் வேலை கிடைத்துப் போகிறவர்கள், திருப்பூர் காதர்பேட்டையில் நைஜீரிய வியாபாரிகளுக்குச் சரக்கு போடுகிறவர்கள், பிரிட்டனில் நைஜீரிய நர்ஸ்களோடு ஒரே வார்டில் வேலை பார்க்கிறவர்கள் என்று பலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. லாகோஸில் ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதியவன் என்பதால் பதில்களில் காசு விவரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். விவரங்கள் 2025 கடைசி நிலவரப்படி.

நைஜீரியா பணக்கார நாடா, ஏழை நாடா?

இரண்டும்தான். 20 கோடிக்கு மேல் மக்கள். ஆப்பிரிக்காவிலேயே அதிக மக்கள்தொகை. 2014-ல் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் முறையைப் புதுப்பித்தபோது தொகை 50,000 கோடி டாலரைத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவை முந்தி, கண்டத்தின் மிகப் பெரிய பொருளாதாரம் என்று பெயர் வாங்கியது. அப்போது லாகோஸில் இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. பத்து வருடம் கழித்து, 2024-ல் அதே உற்பத்தி சுமார் 24,300 கோடி டாலர். தென்னாப்பிரிக்கா, எகிப்து, அல்ஜீரியாவுக்குப் பின்னால் நாலாவது இடம்.

நாட்டில் வயலும் தொழிற்சாலையும் பாதியாகிவிடவில்லை. அந்த நாட்டு நாணயமான நைரா விழுந்தது, அதனால் டாலரில் எழுதும் எல்லாக் கணக்கும் விழுந்தது. ஆனால் மருந்து, கோதுமை, கார், பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு எல்லாவற்றையும் டாலரில் வாங்கும் நாட்டில் இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. உலக வங்கி 2025 அக்டோபரில் சொன்னபடி சுமார் 13.9 கோடிப் பேர் வறுமையில் இருக்கிறார்கள்.

எண்ணெய் இருக்கிறதே, பிறகு என்ன கஷ்டம்?

1956-ல் நைஜர் கழிமுகத்தில் உள்ள ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 15 லட்சம் பீப்பாய். பீப்பாய் 65 டாலர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 10 கோடி டாலர். அதை 22 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு அரை டாலர்கூடத் தேறாது. அதுவும் எடுக்கும் செலவு, கம்பெனிகளின் பங்கு எதையும் கழிக்காமல். மூன்றரைக் கோடி மக்களுக்கு நாளொன்றுக்கு 90 லட்சம் பீப்பாய் எடுக்கும் சவூதியோடு நைஜீரியாவை ஒப்பிடுவதே தப்பு.

நாட்டின் மொத்த உற்பத்தியில் எண்ணெயின் பங்கு மூன்று நாலு சதவீதம்தான். ஆனால் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். அதாவது மக்களுக்குச் சோறு போடுவது விவசாயமும் வியாபாரமும். டாலர் கொண்டுவருவது எண்ணெய். விலை சரிந்தால் உடனே டாலர் தட்டுப்பாடு. 2016-லும் 2020-லும் பொருளாதாரம் சுருங்கியது இப்படித்தான். 2022-ல் விலை நன்றாக இருந்தபோது வேறு கூத்து: குழாயில் ஓட்டை போட்டுத் திருடித் திருடி, உற்பத்தி நாளுக்கு 10 லட்சம் பீப்பாய்க்கும் கீழே போனது.

இதில் இன்னொரு கொடுமை, போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா ஆகிய ஊர்களில் அரசின் சுத்திகரிப்பு ஆலைகள் வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தன. கச்சா எண்ணெயைக் கப்பலேற்றிவிட்டு, பெட்ரோலை இறக்குமதி செய்து, அதற்கு மானியமும் கொடுத்தார்கள்.

2023-ல் அப்படி என்ன நடந்தது?

மே 29 அன்று போலா டினுபு அதிபராகப் பதவியேற்றார். பதவியேற்பு உரையிலேயே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். லிட்டர் 190 நைரா சொச்சத்தில் இருந்த பெட்ரோல், சில நாட்களில் 500 ஆனது. அடுத்த வருடக் கடைசியில் 1,000-த்தைத் தாண்டியது. ஜூன் நடுவில் நைராவின் மாற்று விகிதத்தையும் சந்தையிடம் விட்டார்கள். டாலருக்கு 460-470 நைரா என்று இருந்த அதிகாரபூர்வ விலை 700-ஐத் தாண்டி, 2024-ல் 1,500-ஐத் தொட்டது.

இரண்டுமே என்றாவது செய்தாக வேண்டியவைதான். 2022-ல் மட்டும் மானியத்துக்கு 4 லட்சம் கோடி நைராவுக்கு மேல் போனது. அந்த மலிவு பெட்ரோல் லாரி லாரியாகப் பக்கத்து நாடுகளான பெனினுக்கும் நைஜருக்கும் கடத்தப்பட்டது. டாலருக்கு மத்திய வங்கி விலை ஒன்று, தெருமுனை விலை ஒன்று என்று இருந்ததில், முதல் விலைக்கு வாங்கி இரண்டாவது விலைக்கு விற்கும் செல்வாக்கு உள்ளவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் லாபம். இதை நிறுத்தியதற்கு யாரும் அழ வேண்டியதில்லை.

என் குறை வேறு. இரண்டு அடியையும் ஒரே மாதத்தில், தாங்குவதற்கு ஒன்றும் ஏற்பாடு செய்யாமல் அடித்தார்கள். ஒன்றரைக் கோடி குடும்பங்களுக்கு மாதம் 25,000 நைரா வீதம் மூன்று மாதம் கொடுப்பதாகச் சொன்ன உதவித்திட்டம் ஆமை வேகத்தில் தொடங்கியது. 2024 ஜனவரியில் முறைகேடு புகாரில் துறை அமைச்சரையே இடைநீக்கம் செய்து, திட்டத்தையும் நிறுத்திவைத்தார்கள். பெட்ரோல் விலை மட்டும் நிறுத்திவைக்கப்படவில்லை.

இதற்குச் சில மாதம் முன்னால், தேர்தல் சமயத்தில், பழைய நோட்டுகளைச் செல்லாததாக்கி, புது நோட்டும் போதிய அளவு அச்சடிக்காமல் ஒரு கூத்து நடந்தது. 2016 நவம்பரில் ஏ.டி.எம். வாசலில் நின்றவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பழைய நோட்டுக்கு உயிர் கொடுத்தது.

விலைவாசி குறைந்துவிட்டது என்று செய்தி வருகிறதே?

விலை ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, விலை குறையவில்லை. 2024 டிசம்பரில் பணவீக்கம் 34.8 சதவீதம். அதே வருட ஜூனில் உணவுப் பொருள் மட்டும் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 2025 ஜனவரியில் கணக்கிடும் அடிப்படை ஆண்டை மாற்றினார்கள்; எண் உடனே 24.5-க்கு இறங்கியது. வருடக் கடைசியில் 15-க்குப் பக்கத்தில் வந்தது. கொஞ்சம் நிஜம், கொஞ்சம் கணக்கு முறை. நைரா 1,450-1,500 என்று ஒரு நிலைக்கு வந்ததும், மத்திய வங்கி வட்டியை 27.5 சதவீதம் வரை ஏற்றி வைத்திருந்ததும் காரணம். அந்த வட்டியில் கடன் வாங்கித் தொழில் செய்கிறவர் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பாருங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2019-ல் 30,000 நைரா; அன்றைய விலையில் 80 டாலருக்கு மேல். 2024 ஜூலையில் 70,000 ஆக்கினார்கள், இரண்டு மடங்குக்கு மேல் என்று கைதட்டல். டாலரில் அது 50-க்கும் கீழே. அப்போது அது ஒரு மூட்டை அரிசிக்குக்கூடப் போதவில்லை.

டங்கோட்டே ஆலை வந்துவிட்டதே, இனி சரியாகிவிடுமா?

லாகோஸுக்குக் கிழக்கே லெக்கி பகுதியில், நாளுக்கு 6.5 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும், டங்கோட்டே என்ற நைஜீரியத் தொழிலதிபரின் தனியார் ஆலை. செலவு சுமார் 2,000 கோடி டாலர். 2024 ஜனவரியில் டீசல், செப்டம்பரில் பெட்ரோல் வரத் தொடங்கியது. டாலர் வெளியே போவதை இது குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் உள்நாட்டுக் கச்சா எண்ணெய் போதாமல் அமெரிக்காவிலிருந்துகூட இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. பெட்ரோல் விலையும் உலக விலையைத்தான் ஒட்டி நிற்கும். பழைய 190 நைரா திரும்பி வராது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. ஆலைக் கட்டுமானத்தில் இந்தியாவின் பொதுத்துறை நிறுவனமான இன்ஜினியர்ஸ் இந்தியா லிமிடெட் முக்கியப் பங்கு வகித்தது; ஆயிரக்கணக்கில் இந்தியத் தொழிலாளர்கள் போனார்கள். 2025 செப்டம்பரில் சுமார் 800 நைஜீரிய ஊழியர்கள் நீக்கப்பட்டபோது, இந்தியர்களுக்கு இடம் கொடுக்கத்தான் இது என்று எண்ணெய்த் துறைத் தொழிற்சங்கம் குற்றம்சாட்டி வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நிறுவனம் மறுத்தது. வேலையில்லாத பட்டதாரிகள் நிறைந்த ஊரில் வெளிநாட்டு வெல்டரைப் பார்த்தால் எரிச்சல் வரும். அங்கே போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கரண்ட் நிலைமை?

நிறுவப்பட்ட திறன் 13,000 மெகாவாட் என்று காகிதத்தில் இருக்கும். வீடுகளுக்கு வந்து சேருவது 4,000-5,000. மொத்த நாட்டுக்கும்! 2024-ல் தேசிய மின்தொகுப்பே பலமுறை முழுசாக விழுந்தது. மீதியை ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் தெருவே 'அப் நெப்பா!' என்று கத்தும். நெப்பா என்ற அந்த அரசு வாரியம் பெயர் மாறி, 2013-ல் துண்டுதுண்டாகத் தனியாருக்கும் போய்விட்டது. கத்தல் மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது. 2024 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் கரண்ட் கிடைக்கும் பகுதிகளை 'பேண்ட் ஏ' என்று பிரித்து, யூனிட் 68 நைராவிலிருந்து 225 ஆக்கினார்கள். சின்னத் தொழில் எதை எடுத்தாலும் செலவில் பெரிய தலைப்பு டீசல்தான். நான் எழுதிய கணக்குப் புத்தகத்தில் வாடகையைவிட அது பெரிது.

'ஜாப்பா' என்று எல்லோரும் சொல்வது என்ன?

நாட்டை விட்டுக் கிளம்புவது. யொரூபா மொழித் தெருவழக்கு, இப்போது எல்லா மொழிக்காரரும் சொல்கிறார்கள். கையில் காசில்லாத நிலைக்கு 'சாப்பா'. சாப்பாவிலிருந்து தப்பிக்க ஜாப்பா என்பது அங்கே தேய்ந்துபோன ஜோக்.

அப்போ பரம ஏழைகள்தான் கிளம்புகிறார்களா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருப்பவர்கள். வங்கி அதிகாரி, மென்பொருள்காரர், நர்ஸ், கல்லூரி ஆசிரியர், சொந்தமாகக் கார் வைத்திருப்பவர். லாகோஸில் வீட்டுச் சாமானை மொத்தமாக விற்பனைக்குப் போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது "எந்த நாடு?" என்றுதான்.

பரம ஏழைக்கு பாஸ்போர்ட் எடுக்கவே காசு இல்லை. போகக்கூடியவர் யார் என்றால் கொஞ்சம் சேர்த்தவர். அவர் ஏன் போகிறார்? சம்பளம் ஒரு காரணம், ஆனால் பேசிப் பார்த்தால் முதலில் வருவது அது இல்லை. பிள்ளையின் படிப்புதான் முதலில் வரும். அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2022-ல் பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள்; 2020-லும் ஏறக்குறைய ஒரு வருடம் வீணானது. நாலு வருடப் படிப்பு ஆறு வருடம் இழுக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி, கரண்ட், நெடுஞ்சாலையில் ஆள்கடத்தல் பயம். கடைசியாக, சேமித்த நைரா வங்கியிலேயே கரைவது. ஐந்து வருடத்தில் பாதியாகும் சேமிப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான செலவு, அது முழுசாகக் கரைவதற்குள் ஒரு விசா வாங்குவதுதான் என்று பலரும் முடிவு செய்தார்கள். அதைத் தேசப்பற்று இல்லாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளம்ப எவ்வளவு செலவாகும்?

பிரிட்டனில் ஒரு வருட முதுகலைப் படிப்பை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 15,000 பவுண்டு என்று வையுங்கள். 2023 தொடக்கத்தில் வெளிச்சந்தையில் பவுண்டு 900 நைராவை ஒட்டி இருந்தது, கட்டணம் 1.35 கோடி நைரா. 2024-25-ல் பவுண்டு 2,000-த்தைத் தொட்டது; அதே கட்டணம் 3 கோடி. இதன் மேல் விசா கட்டணம், வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம், விமானம். லண்டனுக்கு வெளியே படிப்பதாக இருந்தாலும் 10,000 பவுண்டுக்கு மேல் வாழ்க்கைச் செலவுத் தொகையைத் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இந்த 28 நாளுக்காகவே காசைக் கணக்கில் போட்டு வைத்துக் கமிஷன் வாங்கும் ஆட்கள் முளைத்தார்கள். அதில் மாட்டி விசா மறுக்கப்பட்டு, பொய் ஆவணம் என்று பத்து வருடத் தடை வாங்கியவர்களும் உண்டு.

கிளம்ப வைக்கும் காரணமும், கிளம்பும் செலவும் ஒரே நைராவால்தான் ஏறின. பாதி வழியில் மாட்டியவர்கள் பாவம். முதல் தவணையை 2023 தொடக்கத்தில் கட்டி, இரண்டாவது தவணைக்குள் நைரா பாதியானதும் கட்ட முடியாமல் போன மாணவர்களை, வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் 2024-ல் நீக்கிவிட்டு நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லும் நிலை வந்தது. படிப்பில் அவர்கள் தோற்கவில்லை.

பிரிட்டனுக்கு ஏன் இத்தனை பேர் போனார்கள்? இப்போது கதவு மூடிவிட்டதா?

மொழி தெரியும், சொந்தக்காரர் இருக்கிறார், 2021-லிருந்து பட்டதாரி விசாவில் இரண்டு வருடம் வேலை பார்க்கலாம், முதுகலை மாணவர் மனைவி மக்களைக் கூட்டிப்போகலாம். கடைசியில் சொன்னதுதான் பெரிய இழுப்பு. 2022-ல் நைஜீரிய மாணவர்களுக்குக் கொடுத்த விசாவைவிட அவர்கள் குடும்பத்தாருக்குக் கொடுத்தது சற்றே அதிகம். இரண்டுமே 60,000-ஐ ஒட்டி. அந்த வருடமே முதியோர் பராமரிப்பு வேலைக்கும் விசா திறந்தார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். 2024 ஜனவரியிலிருந்து முதுகலை மாணவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது, ஆராய்ச்சிப் படிப்பு தவிர. மார்ச்சில் பராமரிப்பு ஊழியருக்கும் அதே தடை. ஏப்ரலில் திறன்சார் வேலைக்கான சம்பள வரம்பு 38,700 பவுண்டு. 2025 ஜூலையில் 41,700. அதே ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு ஊழியர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பட்டதாரி விசாவும் 2027-லிருந்து 18 மாதமாகக் குறையும்.

இதற்கிடையில் பராமரிப்பு விசாவில் நடந்த மோசடி தனிக்கதை. விசாவுக்காக வேலை கொடுப்பவர் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்க வேண்டியது. ஏஜென்ட்டுகள் ஆயிரக்கணக்கான பவுண்டு வாங்கினார்கள். வந்து இறங்கிப் பார்த்தால் வேலை இல்லை, சில இடங்களில் கம்பெனியே இல்லை. இதில் கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும்கூட நிறையப் பேர் ஏமாந்தார்கள். ஏஜென்ட்டின் மொழிதான் வேறு.

கனடா, அமெரிக்கா?

கனடாவுக்குப் புள்ளி முறையில் நேராகப் போகிறவர்கள் உண்டு. ஆங்கிலமே ஆட்சிமொழியான நாட்டில் பிறந்துவிட்டு ஐயெல்ட்ஸ் தேர்வுக்குப் பணம் கட்டுவது அவர்களுக்கு நியாயமான எரிச்சல். மாணவர்கள் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையைக் கனடா 2024 ஜனவரியில் 10,000-லிருந்து 20,635 கனடிய டாலருக்கு ஏற்றியது. நைஜீரிய மாணவர்களுக்கென்று இருந்த விரைவு வழியையும் அந்த நவம்பரில் மூடியது.

அமெரிக்கா 2025 ஜூலையில் நைஜீரியர்களுக்கான பெரும்பாலான தற்காலிக விசாக்களை மூன்று மாதம், ஒருமுறை நுழைவு என்று குறுக்கியது. டிசம்பரில் பகுதித் தடைப் பட்டியலிலும் சேர்த்தது.

மருத்துவர்களும் நர்ஸ்களும் போவதைத் தடுக்க முடியாதா?

முயன்றார்கள். ஐந்து முதல் ஏழு வருடத்தில் 16,000-க்கு மேற்பட்ட மருத்துவர்கள் போய்விட்டதாகவும், ஒருவரை உருவாக்க 21,000 டாலருக்கு மேல் செலவாவதாகவும் சுகாதார அமைச்சர் முகமது அலி பாட்டே 2025-ல் சொன்னார். 2023-ல் ஒரு மசோதா வந்தது: படித்து முடித்தவர் ஐந்து வருடம் உள்நாட்டில் வேலை பார்த்தால்தான் முழு உரிமம். மருத்துவர்கள் கொதித்ததும் அது நகரவில்லை. 2024 பிப்ரவரியில் நர்சிங் கவுன்சில், வெளிநாட்டு வேலைக்கான சான்று சரிபார்ப்புக்கு இரண்டு வருட அனுபவம் கட்டாயம் என்றது. நர்ஸ்கள் வீதிக்கு வந்தார்கள்.

உலக சுகாதார அமைப்பு நைஜீரியாவை ஆள் பற்றாக்குறை நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் பிரிட்டன் அங்கே போய் ஆள் பிடிக்கக் கூடாது. தனியாள் தானாக விண்ணப்பித்தால் தடையில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் எல்லோரும் போகிறார்கள்.

என் கருத்து: பூட்டுப் போட்டு யாரையும் நிறுத்த முடியாது. போனவரின் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர்தான் அடுத்து கிளம்புகிறார். பாக்கிச் சம்பளத்துக்காக இளநிலை மருத்துவர்கள் வருடம் தவறாமல் வேலைநிறுத்தம் செய்யும் ஊரில், சம்பளத்தைத் தேதிக்குக் கொடுப்பதுதான் முதல் தடுப்பு. வசதி உள்ளவர்களோ சிகிச்சைக்கே வெளிநாடு போகிறார்கள். சென்னையின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் நைஜீரிய நோயாளிகளைப் பார்க்கலாம். மறைந்த அதிபர் புகாரி பதவியில் இருந்தபோதே வைத்தியத்துக்குத் திரும்பத் திரும்ப லண்டன் போனார்; 2025 ஜூலையில் இறந்ததும் அங்கேதான்.

பாலைவனம் வழியாகப் போகிறார்கள் என்கிறார்களே?

அது வேறு கூட்டம், வேறு கதை. விசாவுக்கு வழியில்லாதவர்கள் நைஜர் நாட்டின் அகதேஸ் வழியாக சகாராவைக் கடந்து, லிபியா போய், அங்கிருந்து படகில் இத்தாலி போகப் பார்ப்பார்கள். தெற்கே உள்ள எடோ மாநிலம், குறிப்பாக அங்குள்ள பெனின் நகரம் (பக்கத்து நாடான பெனின் அல்ல), இதில் பெயர்போனது. வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் இத்தாலியில் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட நைஜீரியப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அங்கிருந்து போனவர்கள். போகும் முன் கோயிலில் சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். கடனை அடைக்காமல் ஓடினால் சாமி குத்தம், குடும்பம் அழியும். பல பெண்கள் போலீஸிடம் வாயே திறக்காததற்கு இந்தப் பயம் காரணம். 2018 மார்ச்சில் பெனின் நகரத்தின் பாரம்பரிய அரசர் இரண்டாம் எவுவாரே பூசாரிகளைக் கூட்டி, அந்தச் சத்தியங்கள் எல்லாம் இனிச் செல்லாது, இனிமேல் செய்து வைப்பவன்மேல்தான் சாபம் விழும் என்று அறிவித்தார். ஆள்கடத்தலுக்கு எதிராக 2003-லேயே தனி அரசு அமைப்பு வந்துவிட்டது. ஆனால் அரசரின் அந்த ஒரு நாள் சடங்கு போன இடத்துக்குச் சட்டம் போனதில்லை என்றுதான் தோன்றுகிறது.

நைஜர் 2015-ல் ஆட்களை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்கியது. ராணுவ ஆட்சி வந்தபின் 2023 நவம்பரில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். வழி மறுபடி திறந்திருக்கிறது.

முன்பும் இப்படிப் போயிருக்கிறார்களா?

1970-களில் நைஜீரியாவுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். எண்ணெய்க் காசு கொட்டிய காலம். நம் ஊரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் நிறையப் பேர் போனார்கள். நைஜீரியாவில் அரசுப் பள்ளியில் படித்த நடுவயதுக்காரரைக் கேட்டால் ஒரு இந்திய வாத்தியார் பேரைச் சொல்வார். கானாக்காரர்களும் லட்சக்கணக்கில் வந்தார்கள். எண்ணெய் விலை சரிந்ததும், 1983 ஜனவரியில், ஆவணம் இல்லாத சுமார் 20 லட்சம் வெளிநாட்டவரை இரண்டே வாரத்தில் வெளியேறச் சொன்னது நைஜீரியா. பாதிக்குப் பாதி கானாக்காரர்கள். அவர்கள் சாமான் கட்டிய கட்டம் போட்ட பிளாஸ்டிக் பைக்கு 'கானா மஸ்ட் கோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிறகு 1986-ல் பொருளாதாரச் சீரமைப்பு, நாணய வீழ்ச்சி, பேராசிரியர்கள் வெளிநாடு கிளம்பியது. இப்போது நடப்பதற்கு அது முன்னோட்டம்.

இளைஞர்கள் உள்ளூரிலேயே மாற்றத்துக்குப் போராடவில்லையா?

2020 அக்டோபரில் 'சார்ஸ்' என்ற போலீஸ் பிரிவின் அராஜகத்துக்கு எதிராகப் பெரும் போராட்டம். நல்ல போன், லேப்டாப் வைத்திருந்தாலே மோசடிக்காரன் என்று பிடித்துப் பணம் பறித்த பிரிவு அது. 20-ம் தேதி லெக்கி சுங்கச்சாவடியில் ராணுவம் சுட்டது. பலர் விசா பற்றி யோசிக்கத் தொடங்கியது அந்த இரவுக்குப் பிறகு என்று சொல்வார்கள்.

அடுத்து 2023 தேர்தல். பெரிய கட்சிகள் இரண்டையும் விட்டு, மூன்றாவது கட்சி வேட்பாளர் பீட்டர் ஓபி பின்னால் இளைஞர்கள் திரண்டார்கள். டினுபுவின் கோட்டையான லாகோஸிலேயே ஓபி முந்தினார். நாடு முழுக்க டினுபு சுமார் 88 லட்சம், பெரிய எதிர்க்கட்சியின் அத்திகு அபூபக்கர் 70 லட்சம், ஓபி 61 லட்சம். வாக்குச்சாவடி முடிவுகளை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுவோம் என்ற தேர்தல் ஆணையத்தின் வாக்குறுதி அதிபர் தேர்தலன்று பொய்த்தது. வாக்குப்பதிவோ 27 சதவீதம்தான். நாலில் மூன்று பேர் வரவேயில்லை. அடுத்த தேர்தல் 2027-ல்.

பாதுகாப்பு?

வடகிழக்கில் போக்கோ ஹராம் தீவிரவாதிகள் 2009-லிருந்து; 2014-ல் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தியது உலகுக்கே தெரியும். வடமேற்கில் பணத்துக்காகக் கடத்தும் கும்பல்கள். 2025 நவம்பரில்கூட பாபிரி என்ற ஊரில் ஒரே பள்ளியிலிருந்து 300-க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். அடுத்த மாதம் மீட்கப்பட்டார்கள். விவசாயி வயலுக்குப் போகப் பயப்படுவதால் லாகோஸில் தக்காளி விலை ஏறுகிறது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதே, அதனால் நாட்டுக்கு நல்லதுதானே?

வருடத்துக்குச் சுமார் 2,000 கோடி டாலர். வெளிநாட்டு நேரடி முதலீடு இதன் கிட்டேகூட வராது. அம்மாவின் மருந்து, தம்பியின் கட்டணம், கிராமத்து வீட்டின் கூரை எல்லாம் இதில் நடக்கிறது. ஆனால் இந்தப் பணம் ஒரு நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் ஆகாது. நன்மை குடும்பத்துக்கு, இழப்பு ஊருக்கு.

எல்லாமே இருட்டுதானா?

இல்லவே இல்லை. லாகோஸில் தொடங்கிய பேஸ்டாக் என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தை 2020-ல் அமெரிக்காவின் ஸ்ட்ரைப் 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. இசை, சினிமா உலகமெங்கும் போகிறது. 2026 ஜனவரி முதல் புது வரிச்சட்டத்தில் வருடம் 8 லட்சம் நைரா வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை. இது உருப்படியான காரியம். கதவுகள் மூடியதால் லாகோஸிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்து டாலரில் சம்பளம் வாங்கும் கூட்டமும் பெருகுகிறது.

நைஜீரியா என்றாலே மோசடிதான் ஞாபகம் வருகிறது. பயப்பட வேண்டாமா?

மின்னஞ்சல் மோசடிக்கு '419' என்ற பெயரே அவர்களுடைய குற்றவியல் சட்டப் பிரிவின் எண். அதில் அதிகம் அவமானப்படுவது நைஜீரியர்கள்தான். வங்கியும் விசா அதிகாரியும் அவர்கள் பெயரைப் பார்த்ததும் கூடுதலாக நாலு காகிதம் கேட்பார்கள். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்வது: முழுப் பணம் வந்தபின் சரக்கு. இதை எந்த நாட்டு வியாபாரிக்கும் செய்யுங்கள்.

எனக்கு அங்கே வேலை வந்திருக்கிறது. போகலாமா?

போகலாம், மூன்று விஷயத்தைப் பார்த்துவிட்டு. சம்பளத்தில் எவ்வளவு டாலரில், எவ்வளவு நைராவில் என்று எழுத்தில் வாங்குங்கள். 2023-ல் முழுக்க நைராவில் ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் ஒரே வருடத்தில் சம்பளத்தில் பாதிக்கு மேல் இழந்தார்கள். வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு அரசு ஒதுக்கிய இட எண்ணிக்கை இருக்க வேண்டும். வேலை விசாவில் போய் அங்கே 'செர்பாக்' என்ற குடியிருப்பு அட்டை எடுப்பார்கள். சுற்றுலா விசாவிலோ குறுகிய கால வியாபார விசாவிலோ "வாங்க, பார்த்துக்கலாம்" என்றால் போகாதீர்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் நிரந்தரமாகக் கொடுத்து வைக்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாடியே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுவார்கள், முன்பதிவு தேவை. அந்த மஞ்சள் அட்டையை ஊர் திரும்பும்போதும் கையில் வைத்திருங்கள். இல்லாமல் வந்து இறங்கினால் விமான நிலையத்திலிருந்து நேராக ஆறு நாள் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.